மீட்கப்பட்டவளுக்கு எதற்குப் பூட்டு?



ஒழுக்கமும் சட்டமும் என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். இதைப் பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். ஆகவே ஒரே ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். 1956ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய விபச்சாரத் தடுப்புச் சட்டம். காவல் நிலையத்திலும் கோர்ட் வராண்டாவிலும் இதற்கு ‘பிராத்தல் கேஸ்’ என்று பெயர்.

நாளிதழ்களில் அடிக்கடி ஒரு செய்தி பார்த்திருப்பீர்கள். மசாஜ் சென்டரில் விபச்சாரம், நான்கு அழகிகள் மீட்பு, புரோக்கர் கைது. பக்கத்திலேயே துப்பட்டாவால் முகத்தை மூடிய பெண்கள் வேனில் ஏறும் படம். செய்தியின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: மீட்கப்பட்ட பெண்கள் அரசு காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டனர். அதற்கப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை. அந்தக் கடைசி வரிக்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். வயது வந்த ஒரு பெண், தன் விருப்பத்தில், தன் அறையில், பணம் வாங்கிக்கொண்டு ஓர் ஆணுடன் இருந்தால் அது இந்தியாவில் குற்றமில்லை. சட்டத்தின் எந்தப் பிரிவும் அந்தச் செயலைக் குற்றம் என்று சொல்லவில்லை. வழக்கறிஞர்களிலேயே பலர் இதை நம்புவதில்லை. நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் செயலை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருக்கிற அத்தனையையும் சட்டம் குற்றமாக்கி வைத்திருக்கிறது.

ஏழாவது பிரிவு, கோயில், மசூதி, பள்ளிக்கூடம், விடுதி, ஆஸ்பத்திரி இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடந்தால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. நம் ஊர்களில் 200 மீட்டருக்குள் ஒரு பிள்ளையார் கோயிலோ ஒரு நர்சரிப் பள்ளியோ இல்லாத தெரு எங்கே இருக்கிறது? எட்டாவது பிரிவு, பொது இடத்தில் நின்று அழைப்பது குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஓர் ஆண் செய்தால்? குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று மாதம். நான் மிகைப்படுத்தவில்லை, சட்டப் புத்தகத்தைப் பிரித்தால் அதே பிரிவுக்குள் விதிவிலக்காக அச்சிடப்பட்டிருக்கிறது.

விபச்சார விடுதி என்றால் என்ன என்று இரண்டாவது பிரிவு விளக்குகிறது. அடுத்தவர் லாபத்துக்காக நடத்தப்படும் இடம் என்பது அதில் ஒரு பாதி. அதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது. மறு பாதி, இரண்டு பெண்கள் தங்கள் இருவரின் பொது ஆதாயத்துக்காகப் பயன்படுத்தும் இடமும் விடுதிதான் என்கிறது. அதாவது ஒரு பெண் தனியாக இருந்தால் குற்றமில்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனுக்குப் பயந்து, துணைக்கு ஒரு தோழியைச் சேர்த்துக்கொண்டு வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டால், இருவரும் விடுதி நடத்துகிறவர்கள் ஆகிவிடுகிறார்கள். தனியாக இருப்பதுதான் இந்தத் தொழிலில் மிகப் பெரிய ஆபத்து. சட்டம் அந்தத் தனிமையைக் கட்டாயமாக்குகிறது.

நான்காவது பிரிவைக் கேளுங்கள். விபச்சார வருமானத்தில் முழுவதுமோ பகுதியோ தெரிந்தே வாழ்கிற, 18 வயதைக் கடந்த எவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை. பெண்ணைச் சுரண்டிப் பிழைக்கும் புரோக்கரை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு இது. எழுத்தின்படி அது யாரையெல்லாம் பிடிக்கிறது? அந்த வருமானத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிற வயதான தாயைப் பிடிக்கிறது. அந்தப் பணத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டிய மகனை, அவனுக்குப் பதினெட்டு முடிந்த மறுநாளே பிடிக்கிறது. அவளோடு சேர்ந்து வாழ்ந்தாலோ வழக்கமாகக் கூட இருந்தாலோ அவன் அந்த வருமானத்தில்தான் வாழ்கிறான் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவனுடையது. பிள்ளையைப் படிக்கவைக்கத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று சொல்லும் பெண்களின் வழக்குக் கட்டுகளைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள்.

இப்படி ஒரு சட்டம் எப்படி வந்தது? மனிதர்களை வாங்கி விற்பதை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் 1950 மே 9 அன்று நியூயார்க்கில் இந்தியா கையெழுத்துப் போட்டது. அந்த வாக்குறுதியை நிறைவேற்ற 1956இல் சட்டம் எழுதினார்கள். 1958 மே 1 அன்று அது அமலுக்கு வந்தது. அதே நாளில் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் ஒரு பெண் வந்து நின்றார். பெயர் ஹுஸ்னா பாய். வயது 24. நான் பாலியல் தொழில் செய்கிறவள், இந்தச் சட்டம் என் பிழைப்பைப் பறிக்கிறது, அரசியல் சாசனம் எனக்குத் தந்த உரிமைக்கு இது விரோதம் என்று மனுப் போட்டார். சாசனம் வந்து எட்டே ஆண்டு ஆகியிருந்தது. படித்தவர்களே அதைப் பிரித்துப் பார்க்காத காலம். மனுவை விசாரித்த நீதிபதி ஜெகதீஷ் சகாய், இன்னும் உங்களை யாரும் வெளியேற்றவில்லை, வழக்கும் போடவில்லை, ஆகவே மனு முன்கூட்டியே வந்துவிட்டது என்று தள்ளுபடி செய்தார். ஆனாலும் ஊரை விட்டு வெளியேற்றும் பிரிவைப் பற்றி ஹுஸ்னா பாய் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டார்.

அது இருபதாவது பிரிவு. ஒரு பெண் விபச்சாரி என்று தகவல் வந்தால், பொதுமக்கள் நலன் கருதி அவளை அந்த எல்லையை விட்டே வெளியேற்ற மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். கான்பூரில் அப்படி வெளியேற்றப்பட்ட பெண்களின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1963இல் நீதிபதி சுப்பாராவ் அந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தார். தனிமனித உரிமைக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவர் என்று நாம் பாடத்தில் படிக்கும் அதே சுப்பாராவ். ஒழுக்கம் என்ற சொல் உள்ளே வந்தவுடன் நல்ல நீதிபதிகளின் கண்ணும் எப்படி மங்கிவிடுகிறது என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் உதாரணம் இது. அந்தப் பிரிவு இன்றைக்கும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2006இல் எட்டாவது, இருபதாவது பிரிவுகளை நீக்க ஒரு திருத்த மசோதா வந்தது. வாடிக்கையாளரைத் தண்டிக்கும் புதுப் பிரிவு ஒன்றையும் அதில் சேர்த்திருந்தார்கள். மக்களவையின் காலம் முடிந்து மசோதா காலாவதியானது.

இங்கே ஒரு பெரிய கேள்வி எழுகிறது. சமூகம் ஒன்றைத் தவறு என்று நினைக்கிறது, அதைச் சட்டம் தண்டிக்க வேண்டாமா? இங்கிலாந்தில் 1957இல் உல்ஃபெண்டன் குழு இதற்கு ஒரு பதில் சொன்னது. தனிமனிதரின் அந்தரங்க ஒழுக்கம் சட்டத்தின் வேலை இல்லை, பொது அமைதியைக் காப்பதும் எளியவர்கள் சுரண்டப்படாமல் பார்ப்பதும்தான் அதன் வேலை என்றது. நீதிபதி டெவ்லின் 1959இல் மறுத்துப் பேசினார். ஒரு சமூகத்தைக் கட்டி வைத்திருப்பதே அதன் பொது ஒழுக்கம்தான், அது குலைந்தால் சமூகமே குலையும், ஆகவே தற்காத்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு என்பது அவர் வாதம். சட்டத் தத்துவப் பேராசிரியர் ஹார்ட் அதற்குப் பதில் எழுதினார். இந்த வாதப் பிரதிவாதத்தை நீங்கள் மூன்றாம் ஆண்டில் படித்துத் தேர்வு எழுதியிருப்பீர்கள். அதை மறுபடி விரிக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தனிமனித சுதந்திரத்தைப் பேசிய அதே உல்ஃபெண்டன் குழுவின் பரிந்துரையில் பிறந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம், லண்டன் தெருவில் நின்ற பெண்களுக்குத் தண்டனையைக் கூட்டியது. அந்தரங்கம் என்ற பாதுகாப்பு, பூட்டிக்கொள்ளச் சொந்தமாக ஒரு கதவு உள்ளவர்களுக்கே கிடைத்தது.

டெவ்லின் பக்கம் சாய்கிறவர்களுக்கு நம் வீட்டுப் புத்தகம் ஒன்றையே நினைவூட்டுகிறேன். வள்ளுவர் வரைவின் மகளிர் என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். 92ஆவது அதிகாரம். கடுமையான அதிகாரம். ஆனால் அதை எங்கே வைத்தார் என்று பாருங்கள். அடுத்த அதிகாரம் கள்ளுண்ணாமை, அதற்கடுத்தது சூது. மூன்றும் ஆணை நோக்கிச் சொன்ன எச்சரிக்கை: உன் பொருளும் அறிவும் போய்விடும், விலகி நில் என்பது. கொலைகாரரைத் தண்டிப்பது அரசன் கடமை என்று செங்கோன்மையில் சொன்னவர், இந்த மூன்றையும் அரசனின் கோலுக்குக் கீழே கொண்டுவரவில்லை. அவருக்கு ஒழுக்கத்தில் அக்கறை குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? அந்தப் பெண்களைப் பற்றிய அவருடைய பார்வையை நான் ஏற்கவில்லை. எதை அறிவுரையாகச் சொல்வது, எதை அரசனிடம் ஒப்படைப்பது என்று அவர் பிரித்து வைத்த இடத்தை ஏற்கிறேன்.

ஒழுக்கத்தைக் காட்டித் தண்டிப்பது ஒரு வழி. சுகாதாரத்தைக் காட்டிக் கட்டுப்படுத்துவது இன்னொரு வழி. லைசென்ஸ் கொடுத்துவிடலாம், மாதாமாதம் டாக்டர் பார்க்கட்டும், நோய் குறையும் என்று இப்போதும் நல்லெண்ணத்தோடு பலர் சொல்கிறார்கள். நம் நாட்டில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 1868இல் வெள்ளை அரசாங்கம் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. படைவீரர்களுக்குப் பால்வினை நோய் பரவுகிறது என்பதுதான் கவலை. அதற்குப் பெண்கள் போலீசில் பெயரைப் பதிய வேண்டும், குறித்த நாளில் பரிசோதனைக்கு வர வேண்டும், நோய் இருந்தால் ‘லாக்’ ஆஸ்பத்திரி என்ற அடைப்பு மருத்துவமனையில் குணமாகும் வரை கிடக்க வேண்டும். சென்னை உட்படப் பல நகரங்களில் இது நடந்தது. நோய் இருவருக்கிடையில் பரவுவது. சட்டமோ ஒருவரை மட்டும் பிடித்து அடைத்தது. பெயர் பதியப் பயந்து பெண்கள் ஒளிந்தார்கள், நோயும் அவர்களோடு ஒளிந்தது. இங்கிலாந்திலேயே இதே மாதிரிச் சட்டத்தை எதிர்த்து ஜோசஃபின் பட்லர் என்ற பாதிரியாரின் மனைவி பதினாறு ஆண்டுக்கு மேல் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1871இல் விசாரணைக் குழு முன்னால் வந்த தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், சந்தேகத்தின் பேரில் ஒரு பெண்ணைப் பிடித்துப் பலவந்தமாகப் பரிசோதிக்கும் அதிகாரத்தை எந்தப் போலீஸ்காரருக்கும் தரக்கூடாது என்று சாட்சி சொன்னார். அங்கே 1886இலும் இங்கே 1888இலும் அந்தச் சட்டங்கள் போயின.

சட்டம் போனது, பழக்கம் போகவில்லை. அதை நம் சென்னையிலேயே பார்த்தோம். 1985–86இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனிடம் படித்துக்கொண்டிருந்தார் நிர்மலா என்ற மாணவி. எய்ட்ஸ் நம் நாட்டில் வராது, நம் பண்பாடு காப்பாற்றும் என்று பெரியவர்கள் மேடைகளில் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அதைச் சோதித்துப் பார்க்க ரத்த மாதிரி வேண்டும். சென்னையில் சிவப்பு விளக்குப் பகுதி என்று தனியாக ஒன்று இல்லை. எங்கே போவது? பிராத்தல் கேஸில் பிடித்த பெண்களை அடைத்து வைத்திருந்த காப்பகத்துக்குப் போனார். கிடைத்த மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்து, இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டு போனார். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் செய்த சோதனையில் ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்ற முதல் செய்தி அந்த ஆறு பெண்களின் ரத்தத்திலிருந்து வந்தது.

நிர்மலா செய்தது பெரிய காரியம். அவரால்தான் நாடு விழித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பெண்கள் நோயாளிகளாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இல்லை, அரசாங்கத்தின் பூட்டுக்குள் இருந்தவர்கள். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில், கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் சில பெண்களை வெளியே விடவில்லை. 1990இல் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்கள் வெளியே வந்தார்கள். அதே ஆண்டில் பம்பாய் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை மீட்டு, தனி ரயிலில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். ‘முக்தி எக்ஸ்பிரஸ்’ என்று அந்த ரயிலுக்குப் பெயர். முக்தி என்று பெயர் வைத்த ரயிலிலிருந்து இறங்கியவர்களுக்குக் காத்திருந்தது காப்பகமும் ரத்தப் பரிசோதனையும். விடுதியிலிருந்து அவர்களைக் கொண்டுவந்தது சரி. அவர்களில் பலர் சிறு வயதில் ஏமாற்றிக் கொண்டுபோகப்பட்டவர்கள். வந்து இறங்கியவளிடம், உனக்கு என்ன வேண்டும் அம்மா என்று கேட்க ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும், அதுதான் என் ஆதங்கம்.

இந்த இடத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. இந்தச் சட்டத்தைக் குறை சொன்னால் அவரைக் குறை சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்திலிருந்து, 1947இல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் தேவதாசி வழக்கத்தை ஒழித்த சட்டம் வரைக்கும் இருபது ஆண்டு ஆனது. அவர் எதிர்த்தது எதை? எட்டு வயதிலும் பத்து வயதிலும் ஒரு பெண் குழந்தைக்கு, அவள் வாய் திறப்பதற்கு முன்பே, அவள் பிறந்த குடும்பத்தைக் காட்டி வாழ்க்கையை முடிவு செய்துவிடுவதை. அவருடைய தாயார் சந்திரம்மாள் அந்த மரபில் வந்தவர். அதன் வலி அவருக்குச் சொந்த வீட்டிலேயே தெரியும். ஓடிவந்த பெண்களுக்கு அடைக்கலம் கொடுக்க அவர் தொடங்கிய ஔவை இல்லம் இன்றும் நடக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதே போராட்டத்தைத் தெருத் தெருவாக நடத்தினார். மறுபுறம் பெங்களூர் நாகரத்தினம்மாளைப் போன்ற கலைஞர்கள், எங்கள் மரபையும் கலையையும் கேவலம் என்ற ஒரே சொல்லால் அடிக்காதீர்கள் என்று எதிர்த்து நின்றார்கள். இரண்டு குரலிலும் உண்மை இருந்தது. ஆனால் குழந்தையின் வாழ்க்கையைப் பிறர் முடிவு செய்யக்கூடாது என்பதில் முத்துலட்சுமி ரெட்டி அசையவே இல்லை. நான் இன்று கேட்பதும் அவர் கேட்டதன் தொடர்ச்சிதான். பெண்ணின் வாழ்க்கையைப் பொட்டுக்கட்டும் பெரியவர்கள் முடிவு செய்யக்கூடாது என்றால், வளர்ந்த பெண்ணின் வாழ்க்கையை ஒரு மாஜிஸ்திரேட்டும் முடிவு செய்யக்கூடாது.

பதினேழாவது பிரிவின்படி நடப்பது அதுதான். மீட்டு வந்த பெண்ணை மூன்று வாரம் வரை இடைக்காலக் காப்பில் வைக்கிறார்கள். அவளுடைய வயது, குணம், பூர்வீகம், பெற்றோரோ கணவரோ பொறுப்பேற்கத் தகுதியானவர்களா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். பிறகு மாஜிஸ்திரேட், இவளுக்குப் பாதுகாப்பு தேவை என்று நினைத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் வைக்க உத்தரவிடலாம். கவனியுங்கள், இவள் குற்றவாளி இல்லை. சட்டத்தின் பார்வையில் பாதிக்கப்பட்டவள். திருட்டுக் கொடுத்தவனை மூன்று வருஷம் பூட்டி வைத்து, திருடனை ஜாமீனில் அனுப்பினால் ஒப்புக்கொள்வோமா? ரெய்டில் பிடிபட்ட புரோக்கர் சில வாரங்களில் ஜாமீனில் வெளியே வந்துவிடுகிறார். வீட்டில் குழந்தையை யாரிடம் விட்டேன் என்று தெரியாமல் அவள் உள்ளே இருக்கிறாள்.    

2020 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மும்பையில் ஒரு விருந்தினர் விடுதியில் பிடிபட்ட மூன்று பெண்கள், இருபதைத் தாண்டியவர்கள். அவர்கள் பிறந்த சமூகத்தில் இந்தத் தொழில் பழக்கமாக இருக்கிறது, பெற்றோரிடம் அனுப்பினால் திரும்பவும் இதற்கே வருவார்கள் என்று சொல்லி, கீழ் நீதிமன்றம் அவர்களை உத்தரப் பிரதேசத்தில் ஒரு காப்பகத்தில் ஓராண்டு வைக்க உத்தரவிட்டிருந்தது. நீதிபதி பிருத்விராஜ் சவான் அதை ரத்து செய்தார். வயது வந்தவர்கள், எங்கே போவது, எங்கே வாழ்வது என்பது அவர்களுடைய அடிப்படை உரிமை, விபச்சாரத்தைச் சட்டம் குற்றமாக்கவில்லை என்று எழுதினார். இதைப் போய்ச் சொல்ல ஒரு உயர்நீதிமன்றம் வேண்டியிருந்தது. அந்த வழக்கில் மேல்முறையீடு செய்தார்கள். செய்யாதவர்கள் எத்தனை பேர்?

இப்போது நேர்மையான ஓர் எதிர்க் கேள்வியை எடுத்துக்கொள்வோம். விருப்பம் விருப்பம் என்கிறீர்களே, பசியிலும் கடனிலும் வருவது விருப்பமா? புருஷன் விட்டுவிட்டுப் போனபின் இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறவள் சொல்லும் சம்மதம் சம்மதமா? கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கும் இதில் நிம்மதி இல்லை. தமிழ்நாட்டில் தொழில் செய்யும் திருநங்கைகளைக் கேளுங்கள், வேறு வேலை கொடுத்தால் செய்கிறேன், யார் கொடுப்பது என்பார்கள். வறுமை விரட்டி வந்தவளின் சம்மதத்தில் ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சம்மதத்தில் ஓட்டை இருந்தால் அதற்கு மருந்து அவளைப் பூட்டுவதா?

இதே கேள்விக்கு நம் நாடு வேறொரு சட்டத்தில் அருமையான பதில் வைத்திருக்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும் குடும்பத்தை மீட்டால் என்ன செய்கிறோம்? கோட்டாட்சியர் அங்கேயே விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுக்கிறார். கடன் அந்த நிமிடமே ரத்தாகிறது. முதலாளி மேல் வழக்கு. குடும்பம் சொந்த ஊருக்கு வண்டி ஏறுகிறது. நீ மறுபடியும் சூளைக்குப் போய்விடுவாய் என்று சொல்லி யாரும் அவர்களை மூன்று வருஷம் பூட்டி வைப்பதில்லை. அவர்களுடைய குணம் எப்படி என்று விசாரிப்பதில்லை. 2016இல் மத்திய அரசு மறுவாழ்வுத் தொகையை உயர்த்தியது. அதில் ஒரு வகுப்பு இருக்கிறது: விடுதிகளிலிருந்தும் மசாஜ் பார்லர்களிலிருந்தும் மீட்கப்பட்ட கொத்தடிமைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 3 லட்சம் ரூபாய். நம் அரசாங்கமே எழுதி வைத்த விதி. பிராத்தல் கேஸில் மீட்ட பெண்ணுக்கு யாராவது இந்த விதியைச் சொல்கிறார்களா? முன்பணம் வாங்கிய கடனுக்காக விடுதியில் அடைபட்டவளுக்குக் காப்பகத்துக்குப் பதிலாக விடுதலைச் சான்றிதழ் கொடுங்கள் என்று கோட்டாட்சியரிடம் மனுப் போட எந்தச் சட்டமும் தடையில்லை. இளம் வழக்கறிஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடுகளில் எப்படி என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சுவீடன் 1999இல் விற்பவரை விட்டுவிட்டு வாங்குகிறவரைத் தண்டிக்கத் தொடங்கியது, பிரான்ஸ் 2016இல் பின்பற்றியது. குற்றத்தின் சுமையைப் பெண் தலையிலிருந்து இறக்கியது அதில் நல்லது. ஆனால் போலீசுக்குப் பயந்த வாடிக்கையாளர் இருட்டான இடத்துக்குத்தான் அவளைக் கூப்பிடுவார். ஜெர்மனி 2017இல் பதிவைக் கட்டாயமாக்கியது. 2019 முடிவில் பதிவு செய்திருந்தவர்கள் ஏறத்தாழ 40,000 பேர். பெரும்பாலோர் பட்டியலில் பெயர் வரக்கூடாது என்று வெளியே நின்றுவிட்டார்கள். நம் 1868ஆம் ஆண்டு அனுபவம்தான். நியூசிலாந்து 2003இல் ஒரே ஓட்டு வித்தியாசத்தில், 60க்கு 59, ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அங்கே நான்கு பெண்கள் வரை லைசென்ஸ் இல்லாமல் ஒரே வீட்டில் சேர்ந்து தொழில் செய்யலாம். இங்கே இருவர் சேர்ந்தால் விடுதி. 2014இல் அங்கே ஒரு பாலியல் தொழிலாளி, விடுதி மேலாளர் தன்னிடம் ஆபாசமாகப் பேசித் துன்புறுத்தினார் என்று தீர்ப்பாயத்துக்குப் போய் 25,000 டாலர் இழப்பீடு வாங்கினார். எந்தத் தொழிலில் இருந்தாலும் தன் உடல் தன்னுடையது என்று அவர் தீர்ப்பாயத்தில் போய்ச் சொல்ல முடிந்தது. நம் பெண் காவல் நிலையத்துக்குப் போனால், முதலில் உன் தொழில் என்ன என்பார்கள். நியூசிலாந்துச் சட்டத்திலும் குறை இருக்கிறது. தற்காலிக விசாவில் வந்த பெண்களை அந்தச் சட்டம் காப்பதில்லை.

கொல்கத்தாவில் ஒரு சிறிய காரியம் நடந்தது. எனக்கு அது பெரிய காரியமாகப் படுகிறது. சோனாகாச்சி என்ற சிவப்பு விளக்குப் பகுதியில் டாக்டர் ஸ்மரஜித் ஜனா 1992இல் ஆணுறைத் திட்டம் தொடங்கினார். கொஞ்ச நாளில் பெண்கள் சொன்னார்கள், ஆணுறை போடாவிட்டால் கூட ரூபாய் தருகிறேன் என்கிறான், கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கிறான், எப்படி மறுப்பது? ஆகவே 1995இல் சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப் போனார்கள். உறுப்பினர்கள் நல்லொழுக்கம் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசிகள் என்று எழுதிக்கொடுத்தால் பதிவு செய்துவிடலாம் என்று வழி சொன்னார்கள். மாட்டோம் என்றார்கள் அந்தப் பெண்கள். கடைசியில் விதிதான் மாறியது. உஷா கூட்டுறவுச் சங்கம் என்று அது பதிவானது. கந்துவட்டி குறைந்தபோது வேண்டாம் என்று சொல்லும் பலம் அவர்களுக்கு வந்தது. சம்மதத்தில் இருந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தது அந்தப் பாஸ்புக்தான்.

உங்கள் வீட்டுப் பெண் இந்தத் தொழிலுக்குப் போனால் சம்மதிப்பீர்களா என்று என்னைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறார்கள். மாட்டேன். அழுவேன், சண்டை போடுவேன், என்னால் முடிந்த உதவியெல்லாம் செய்வேன். அவள் கேட்கவில்லை என்றாலும், அவளை யாராவது அடித்தால் போலீஸ் ஓடிவர வேண்டும், உடம்புக்கு முடியாவிட்டால் டாக்டர் முகம் சுளிக்காமல் பார்க்க வேண்டும், அவள் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும் என்று விரும்புவேன். அவளை ஊரை விட்டு விரட்டவும் பூட்டி வைக்கவும் அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுக்க மாட்டேன்.

கடைசியாக 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவு. 1999இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளியைக் கொன்றவனின் மேல்முறையீட்டை 2011இல் தள்ளுபடி செய்த நீதிமன்றம், வழக்கை அதோடு முடிக்காமல், இப்படிப்பட்ட பெண்களின் வாழ்வுக்கு என்ன செய்வது என்று ஒரு குழு போட்டது. அதன் பரிந்துரைகள் மீதுதான் நீதிபதி நாகேஸ்வர ராவ் அமர்வு உத்தரவிட்டது. பாலியல் தொழில் சட்டபூர்வமாகிவிட்டது என்று மறுநாள் பல பத்திரிகைகள் எழுதின. அப்படி இல்லை. விருப்பத்தோடு தொழில் செய்யும் வயது வந்தவரிடம் போலீஸ் தலையிடக்கூடாது என்ற பரிந்துரைக்கு மத்திய அரசு தயக்கம் தெரிவித்தது. அதை அமல்படுத்தும்படி நீதிமன்றம் சொல்லவில்லை. அரசு ஆட்சேபிக்காதவற்றை மட்டும், சட்டம் வரும் வரை நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. பாலியல் வன்முறைக்கு ஆளானால் மற்ற எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கும் மருத்துவ உதவி இவர்களுக்கும் உடனே கிடைக்க வேண்டும். ஆணுறை வைத்திருந்ததைக் குற்றத்தின் சாட்சியமாகக் காட்டக்கூடாது. ரெய்டின்போது முகமும் பெயரும் பத்திரிகையில் வரக்கூடாது. போலீசார் மரியாதையாக நடத்த வேண்டும். இன்னொன்று, அதுதான் நமக்கு வேண்டியது: மாநில அரசுகள் எல்லாக் காப்பகங்களையும் கணக்கெடுத்து, விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைத்திருக்கும் வயது வந்த பெண்களின் வழக்குகளைப் பரிசீலித்து, கால வரம்புக்குள் விடுவிக்க வேண்டும்.

எட்டாவது, இருபதாவது பிரிவுகள் போக வேண்டும், நான்காவது பிரிவு தாயையும் பிள்ளையையும் விட்டுவிட வேண்டும், இரண்டு பெண்கள் சேர்ந்திருப்பதை விடுதி என்று சொல்வது நிற்க வேண்டும், பதினேழாவது பிரிவில் அவளுடைய சொல்லுக்கு இடம் வேண்டும் என்பதெல்லாம் நாடாளுமன்றம் செய்ய வேண்டிய காரியம். குழந்தைகளை வைத்துத் தொழில் செய்கிறவர்கள் மீதும் ஏமாற்றி விற்கிறவர்கள் மீதும் சட்டம் இப்போதிருப்பதைவிடக் கடுமையாகவும் வேகமாகவும் பாய வேண்டும், அதில் ஒரு பிரிவைக்கூடத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் காப்பகக் கணக்கெடுப்புக்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவு கையில் இருக்கிறது. இந்த மண்டபத்தில் இருக்கும் மாணவர்கள் உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதுங்கள். உங்கள் மாவட்டத்துக் காப்பகத்தில் பதினேழாவது பிரிவின் கீழ் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் உத்தரவில், எந்தத் தேதியிலிருந்து, அவர்களுக்கு வக்கீல் இருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பெயர் கேட்க வேண்டாம், எண்ணிக்கையும் தேதியும் போதும். வந்த பதிலை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், ஆட்கொணர்வு மனு எழுத நான் உட்காருகிறேன்.